வீடு மட்டும் போதும், தம்பி

படம் 4ஆர் அளவு. இடது பாதியில் நான்கு பிள்ளைகள் பெருநாள் உடுப்போடு வரிசையாக நிற்கிறார்கள். வலது பாதியில் ஒரு வீடு. ஓட்டுக் கூரை, அதற்கு மேலே ஒரு தென்னையின் தலை, தாழ்வாரத் தூணில் சாய்த்து வைத்த சைக்கிள், கொஞ்சம் தள்ளிக் கிணற்றுக்கட்டு. கீழ் மூலையில் பழைய பிலிம் கமராக்கள் பதிக்கும் செம்மஞ்சள் நிறத் திகதி. அதில் 98 என்ற ஆண்டு மட்டும் தெளிவாக இருக்கிறது.

சாய்ந்தமருதுக் கடற்கரையோரம் இருந்த அந்த வீடு 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிறு காலையில் போனது. வீட்டுக்குள் இருந்த அல்பங்களும் அதோடு போயின. இந்தப் படம் மிஞ்சியதற்குக் காரணம், இதன் கொப்பி ஒன்று சம்மாந்துறையில் மாமி வீட்டு அலுமாரிக்குள் இருந்ததுதான்.

"தம்பி, இதப் பெருசாக்கி, கையால கீறின சித்திரம் மாதிரி எடுக்க ஏலுமா?" என்று கேட்டார் அதைக் கொண்டுவந்த ராத்தா. "புள்ளையள் வேணாம். முகம் இருந்தா தொழுற அறையில மாட்டேலாது. வீடு மட்டும் போதும், தம்பி."

கல்முனை ஸ்டூடியோவில் நான் வேலை பழகிய காலத்திலிருந்து இந்த மாதிரிக் கேள்வியைக் கேட்டு வருகிறேன். கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று கரையோரமாக நீளும் எங்கள் ஊர்களில் பல வீடுகளில் ஆட்களின் முகம் தெரியும் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. மாட்டுவது மக்காவின் படம், அரபு எழுத்தணி, இல்லையென்றால் வயலும் கடலும். வாப்பாவின் முகத்தை மாட்ட முடியாத சுவரில் வாப்பா கட்டிய வீட்டை மாட்டலாம். அந்த வீட்டை வெறும் போட்டோவாக அல்லாமல் தூரிகையால் தீட்டியதுபோல் கேட்கிறார்கள். அந்தத் தூரிகையை ஒரு சதமும் கொடுக்காமல் கொம்பியூட்டரில் ஏற்றிக்கொள்ள முடியும். எப்படி ஏற்றுவது, ஏற்றிய பிறகு எதற்குப் பாவிப்பது, எதற்குப் பாவிக்கக் கூடாது என்பதை ஸ்டூடியோப் பிள்ளைகளுக்கும், வீட்டில் ஒரு பழைய படத்தை வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் படங்களின் நிலைமையைச் சொல்ல வேண்டும். சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கும் மேல். ஆட்களே போன பிறகு படங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பேச்சு பிறகுதான் வந்தது. கல்யாண அல்பத்தைத் தேடியபோது வந்தது, 'மூத்தம்மா எப்படி இருப்பா?' என்று 2005க்குப் பிறகு பிறந்த பிள்ளை கேட்டபோது வந்தது. கிடைத்த சில அல்பங்களும் உப்புத் தண்ணீரில் ஊறியவை. போட்டோத் தாளின் மேலே நிறத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின் படலம். தண்ணீரில் ஊறினால் அது இளகும், நிறம் ஓரத்திலிருந்து கரைந்து உள்ளே வரும், காய்ந்தால் அல்பத்தின் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உரித்தால் முகம் பிளாஸ்டிக்கோடு போய்விடும். 2011 மார்ச்சில் ஜப்பானை சுனாமி அடித்தபோது மியாகி மாகாணத்து யமமோட்டோ என்ற சிறிய ஊரில் தொண்டர்கள் சேற்றிலிருந்து எடுத்த சுமார் 750,000 படங்களைக் கழுவி, உலர்த்தி, டிஜிட்டல் பிரதி எடுத்து, உரியவர்கள் தேடிப் பெறும்படி வைத்தார்கள். அதைப் படித்த நாளில் நான் நெடுநேரம் பேசாமல் இருந்தேன். எங்கள் வீடுகளில் படத்தைக் கூரைமேல் வெயிலில் காயப்போட்டோம். சுருண்டு வெடித்தவை போக மீதியை வைத்திருக்கிறோம்.

ஆகவே எங்கள் பக்கத்துப் பழைய படம் என்றால் பெரும்பாலும் வேறு ஊர்களில், சம்மாந்துறையிலோ கொழும்பிலோ, சொந்தக்காரர் வீட்டில் தப்பிய கொப்பிதான். கத்தாரிலும் சவூதியிலும் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து வட்ஸ்அப்பில் வருவது இன்னொரு வகை. (வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தையால் எத்தனையோ படம் பிழைத்திருக்கிறது.) இரண்டு வகையும் சிறியவை. சிறிய படத்தைப் பெரிதாக்குவதுதான் உண்மையான சிக்கல்.

கணக்கு இதுதான். ராத்தா தந்த படத்தில் வீடு இருக்கும் பாதி 3 அங்குல அகலம், 4 அங்குல உயரம். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1800க்கு 2400 பிக்சல். இன்னும் கூட்டி 1200இல் ஸ்கேன் செய்யலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடுதலாகக் கிடைப்பது தாளின் சொரசொரப்பும் தூசியும்தான், வீடு கிடைக்காது. ராத்தா கேட்டது 24க்கு 32 அங்குலம். அப்படியென்றால் ஓர் அங்குலத்துக்கு 75 பிக்சல். கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300 வேண்டும், தள்ளி நின்று பார்க்கும் கென்வஸுக்கு 150 இருந்தால் நன்றாக இருக்கும். 75இல் அடித்தால் ஓடுகள் மங்கிக் கலங்கிப்போகும். மங்கல் போட்டோவுக்குக் குறை. ஆனால் ஓவியத்தில் ஓட்டுக்கூரை என்பது நாலைந்து செங்காவி இழுப்புதான், அங்கே யாரும் ஓட்டை எண்ணுவதில்லை. போட்டோவாக நிற்க முடியாத படம் ஓவியமாக நிற்பது இதனால்தான்.

மருதமுனைக் கைத்தறிச் சாரனை எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கிட்டே பிடித்தால் நீல நூலும் வெள்ளை நூலும் தனித்தனியாக ஓடும். நாலு முழம் தள்ளிப் பிடித்தால் ஒரே சாம்பல் நீலம். தறியில் இருப்பவருக்கு நூல் தெரியும், கட்டியிருப்பவரைப் பார்ப்பவருக்கு நிறம் தெரியும். போட்டோவை ஓவியம்போல் மாற்றும் தூரிகை ஃபில்டர்கள் எல்லாம் இந்தத் தூரத்தை வைத்துத்தான் வேலை செய்கின்றன.

அவை உள்ளே என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் எங்கே நம்பலாம் என்பதும் தெரியும். எளிய ஓயில் ஃபில்டர் ஒவ்வொரு பிக்சலுக்கும் அயலைப் பார்க்கும். அந்த அயலில் எந்த வெளிச்ச அளவு அதிகமாக இருக்கிறதோ அதன் நிறத்தையே அந்தப் பிக்சலுக்கும் கொடுக்கும். சிதறிய புள்ளிகள் அடங்கி, திட்டுத் திட்டாக நிறம் படியும். இதைவிட நுட்பமானது குவஹாரா ஃபில்டர். மிச்சியோஷி குவஹாரா என்ற ஜப்பானியரின் பெயரில் 1976இலிருந்து வழங்குகிறது. அது சித்திரத்துக்காகப் பிறந்ததே இல்லை. இதயத்தின் மருத்துவப் படங்களில் இருக்கும் இரைச்சலைக் குறைக்க, ஓரங்களைக் கெடுக்காமல் குறைக்கச் செய்தது. ஒரு பிக்சலைச் சுற்றி நான்கு சதுரங்களை எடுத்து, நான்கில் எந்தச் சதுரத்துக்குள் நிற வேறுபாடு மிகக் குறைவோ அதன் சராசரியை அந்தப் பிக்சலுக்குக் கொடுக்கும். தாழ்வாரத் தூணின் ஓரத்தில் ஒரு பிக்சல் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு சதுரம் முழுக்கத் தூண், இன்னொன்று பாதி தூண் பாதி நிழல். முதலாவதுதான் அமைதியான சதுரம், அதன் நிறத்தைத்தான் எடுக்கும். அதனால் தூணின் விளிம்பு கூராகவே நிற்கும், தூணின் மேல் இருந்த கறையும் சொரசொரப்பும் மட்டும் போகும். 2009இல் இதைத் திசையறிந்து இழுக்கும்படி மேம்படுத்தினார்கள். கோடு ஓடும் திசையிலேயே இழுப்பதால் உண்மையான தூரிகையின் சாயல் வந்தது.

1990இல் பால் ஹேபர்லி செய்த முறை வேறு. மவுஸை நகர்த்தினால் கீழே இருக்கும் போட்டோவின் நிறத்தை எடுத்துக்கொண்டு ஒரு தூரிகை இழுப்பு விழும். போட்டோஷொப்பின் முதல் பதிப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். 1998இல் ஏரன் ஹெர்ட்ஸ்மன் ஓவியர் எப்படித் தீட்டுவாரோ அப்படியே கணினிக்குச் சொல்லிக் கொடுத்தார். முதலில் பெரிய தூரிகையால் எல்லாம் பூசு, பிறகு எங்கே மூலப் படத்திலிருந்து அதிகம் விலகியிருக்கிறதோ அங்கே மட்டும் சின்னத் தூரிகையால் திருத்து.

இந்த முறைகள் ஒன்றுகூட, படத்தில் இல்லாத ஒரு பொருளைக் கொண்டுவந்து வைப்பதில்லை. இருக்கும் நிறத்தைத்தான் தடவுகின்றன. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விடுகின்றன. எனக்கு இதுதான் இந்த விஷயத்தின் உயிர்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இப்போது கைத்தொலைபேசியிலேயே பழைய படத்தைப் 'புதுப்பிக்கும்' செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒருவர் சுனாமியில் இறந்த தகப்பனின் மங்கிய படத்தை அப்படியொன்றில் போட்டு உம்மாவுக்கு அனுப்பியிருந்தார். உம்மா அதை எங்களிடம் பிரிண்ட் போடக் கொண்டுவந்தா. தோல் பளபளப்பு, பல்வரிசை சுத்தம், கண்ணில் ஒளி. கொஞ்ச நேரம் பார்த்தா. "நல்லாத்தான் இரிக்கி மனே, ஆனா இது அவர் இல்ல" என்று சொல்லிவிட்டு போனை மூடி வைத்தா. அந்தச் செயலி லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது. மங்கலான கண் இருந்த இடத்தில், கண் இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து வேறொரு கண்ணை வைத்துவிட்டது. மகன் அன்பால் செய்தார். ஆனால் அந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரே ஒரு முகம். அதற்குப் பக்கத்தில் இப்போது இன்னொன்று வந்து நிற்கிறது.

எனக்குத் தொழில் பழக்கிய காக்கா நெகடிவ் காலத்து ஆள். கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தூரிகையால் நிறம் கொடுக்கத் தெரிந்தவர். கொழும்பில் பிளாட்டே 1890இல் ஸ்டூடியோ தொடங்கிய காலம் முதல் இந்த நாட்டில் கையால் நிறம் பூசுவது ஒரு தனித் தொழிலாக இருந்தது. அது கல்முனைக்கும் வந்தது. எங்கள் ஆட்கள் அதை டச்சிங் என்பார்கள். அவர் எனக்குச் சொல்லித் தந்த டச்சிங் விதி ஒன்றுதான்: "இரிக்கிறத எடுப்பாக் காட்டு. இல்லாதத வெச்சிடாத, மனே." கம்மல் போடாத பெண்ணுக்குக் கம்மல் கீறித் தரச் சொல்லி வந்தவர்களைக்கூட அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். தூரிகை ஃபில்டர் அவருடைய விதியை மீறுவதில்லை.

இனி ஏற்றும் வேலை.

செருகுநிரல் என்று தமிழில் எழுதினாலும் கடையில் எல்லோரும் சொல்வது பிளக்-இன். பெரிய மென்பொருளுக்குள் சொருகிக்கொள்ளும் சிறு மென்பொருள், தனியாக இயங்காது. எங்கள் பக்கத்தில் முதலில் தேடுவது போட்டோஷொப்புக்குத்தான், அங்கேதான் குழப்பமும். அடோபி நிறுவனம் சிஎஸ்4, சிஎஸ்5 பதிப்புகளுக்கு பிக்சல் பெண்டர் என்ற பிளக்-இன்னை இலவசமாகக் கொடுத்தது. அதற்குள்தான் ஓயில் பெயின்ட் இருந்தது. 2012இல் வந்த சிஎஸ்6இல் அதைப் போட்டோஷொப்புக்குள்ளேயே சேர்த்தார்கள். 2014 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். 2015 கடைசியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு கடையில் சிஎஸ்5, அடுத்த கடையில் சிஎஸ்6, மூன்றாவதில் 2014 பதிப்பு என்று இருந்தால், ஒருவர் சொன்ன வழி மற்றவருக்கு வேலை செய்யாது. மெனுவில் தேடித் தேடிக் காணாமல் கொம்பியூட்டரைத் திட்டுவார்கள். கொம்பியூட்டரில் பிழையில்லை, பதிப்புத்தான் வேறு. ஓயில் பெயின்ட் இருந்தும் சாம்பலாகத் தெரிந்தால் படம் சிஎம்வைகே நிற முறையில் இருக்கும், ஆர்ஜிபி முறைக்கு மாற்றினால் சரி. இல்லையென்றால் கணினியின் கிராபிக்ஸ் கார்ட் போதாது.

அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்தப் போட்டோஷொப் எங்கிருந்து வந்தது என்பது. காசு கொடுத்து வாங்கியதா என்று நான் யாரையும் கேட்கப் போவதில்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாய்ப் பக்கத்திலிருந்து 360ஐத் தாண்டியது. மாதாமாதம் டொலரில் சந்தா கட்டு என்று ஒரு சிறு ஸ்டூடியோவிடம் எப்படிச் சொல்வது? ஆனால் பூட்டுடைத்த மென்பொருளுக்கும் விலை உண்டு, அதை நானே கொடுத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் காசுக்கு விற்கும் தூரிகை பிளக்-இன் ஒன்றை 'முழுப் பதிப்பு இலவசம்' என்று ஓரிடத்தில் கண்டு இறக்கினேன். வைரஸ் காவலை நிறுத்திவிட்டு ஏற்று என்று அதில் எழுதியிருந்தது. நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்து எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் புது வால் முளைத்திருந்தது, காசு கேட்டு ஒரு கடிதமும் திரையில் கிடந்தது. மூன்று கல்யாணத்துப் படங்கள் போயின. ஒரு வீட்டாரிடம் தெரிவுக்குக் கொடுத்த பென் டிரைவில் சின்ன அளவுக் கொப்பிகள் இருந்ததால் அவர்களுக்கு ஏதோ அல்பம் செய்து கொடுத்தேன். மற்ற இரண்டு வீட்டு வாசலிலும் நான் நின்ற நிலையை இப்போதும் மறக்கவில்லை. சுனாமியில் அல்பத்தை இழந்தவர்களின் ஊரில், என் கையால் இரண்டு அல்பங்கள் போயின.

அதன்பிறகுதான் கிம்ப் பக்கம் வந்தேன். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் 1995இல் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் அது. எத்தனை கணினியிலும் ஏற்றலாம், தொழிலுக்கும் பாவிக்கலாம், சட்டப்படி இலவசம். தூரிகை வேலைக்கு அதற்குள்ளேயே இரண்டு மூன்று வழி உண்டு. ஃபில்டர்ஸ் மெனுவில் ஆர்ட்டிஸ்டிக் என்ற பகுதியில் ஓயிலிஃபை இருக்கிறது, கிம்ப்ரெஷனிஸ்ட் இருக்கிறது. ஆனால் எங்கள் வேலைக்கு வேண்டியது ஜி'மிக் என்ற பிளக்-இன். பிரான்ஸின் நோர்மண்டிப் பிரதேசத்தில் கிரேக் என்ற ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டேவிட் சும்பெர்லே 2008இல் தொடங்கி இன்றுவரை வளர்த்துவருவது. ஒரே பிளக்-இன்னுக்குள் 500க்கும் மேற்பட்ட ஃபில்டர்கள். குவஹாரா, பெயின்டிங், பிரஷிஃபை எல்லாம் அதற்குள்ளே.

ஏற்றுவதற்கு முன் கிம்பைத் திறந்து, ஹெல்ப் மெனுவில் எபவுட்டில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 2.10ஆ, 3.0ஆ என்பது முக்கியம். 2025இல் வந்த 3.0க்கு ஜி'மிக் தனியாக இருக்கிறது. 2.10க்கானதை 3.0இல் போட்டால் மெனுவில் வரவே வராது. கடையில் இன்னும் விண்டோஸ் 7 ஓடினால் 2.10ஓடு இருப்பதே நல்லது. பதிப்பைக் குறித்துக்கொண்டு கிம்பை மூடுங்கள். ஜி'மிக்கை அதன் சொந்தத் தளமான ஜிமிக் டொட் இயூவிலிருந்து மட்டும் எடுங்கள். கிம்பையும் அப்படியே, கிம்ப் டொட் ஓர்க். வேறெங்கும் 'டவுன்லோட்' என்று பச்சை நிறத்தில் மின்னும் பொத்தானைத் தொடவேண்டாம். ஏற்றும்போது வைரஸ் காவலை நிறுத்தச் சொல்லி ஏதாவது கேட்டால் அதை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

இன்ஸ்டோலர் என்று இருப்பதை எடுத்தால் அது தானே இடம் கண்டுபிடித்து உட்கார்ந்துகொள்ளும். கிம்பைத் திரும்பத் திறந்து, ஒரு படத்தையும் திறந்தால், ஃபில்டர்ஸ் மெனுவின் அடியில் ஜி'மிக்-கியூட்டி என்று தெரியும். படம் திறக்காமல் பார்த்துவிட்டு 'சாம்பலாக இருக்கிறது, வேலை செய்யவில்லை' என்று போன் எடுப்பவர்கள் அதிகம். ஜிப் கோப்பாக எடுத்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. எடிட், பிரிஃபரன்ஸஸ், ஃபோல்டர்ஸ், பிளக்-இன்ஸ் என்று போனால் கிம்ப் எந்தெந்த இடத்தில் தேடுகிறது என்று காட்டும். அதில் உங்கள் பெயர் உள்ள பாதையைத் திறந்து, ஜிப்புக்குள் இருக்கும் ஃபோல்டரை முழுதாக அங்கே வையுங்கள். கோப்பை மட்டும் உருவி வைத்தால் போதாது. பிளக்-இன்னின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர், அதற்குள் பிளக்-இன், 3.0 இதை விட்டுக்கொடுக்காது.

போட்டோஷொப்பிலேயே இருக்க விரும்புபவர்களுக்கும் ஜி'மிக் '8பிஎஃப்' என்ற வால் கொண்ட கோப்பாகக் கிடைக்கிறது. போட்டோஷொப்பின் பிளக்-இன்ஸ் ஃபோல்டருக்குள் வைத்து, மூடித் திறக்க வேண்டும். மெனுவில் வரவில்லையென்றால் நூற்றுக்குத் தொண்ணூறு 32-பிட், 64-பிட் பொருத்தமின்மைதான்.

ராத்தாவின் படத்துக்கு வருகிறேன். பிள்ளைகளை வெட்டி எடுத்து வீட்டுப் பக்கத்தைத் தனியாக்கினேன். படத்தின் நடுவே ஒரு மடிப்பு, வானத்தில் பூஞ்சைப் புள்ளிகள். இவற்றைத் தூரிகை ஃபில்டருக்கு முன்னமே துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஃபில்டர் அந்த மடிப்பையும் வீட்டின் ஒரு கோடு என்று நினைத்து அழகாகத் தீட்டித் தந்துவிடும். அடுத்தது பெரிதாக்குதல். 1800க்கு 2400 என்பதை இரண்டு மடங்காக்கி 3600க்கு 4800 என்று எடுத்தேன். பெரிதாக்கிய பிறகுதான் தீட்ட வேண்டும், இந்த வரிசை மாறவே கூடாது. தீட்டிவிட்டுப் பெரிதாக்கினால் தூரிகைக் கோடுகளும் சேர்ந்து ஊதி, ஓரம் மங்கி, வேலை முழுக்கப் பழுதாகும். இப்போது ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல். 24 பிக்சல் அகலமான ஓர் இழுப்பு பிரிண்டில் 4 மில்லிமீற்றர், பள்ளிக்கூடப் பிள்ளையின் பெயின்ட் பெட்டியில் இருக்கும் தூரிகை அளவு. திரையில் அழகாகத் தெரிவதை நம்பாமல், கென்வஸில் எத்தனை மில்லிமீற்றர் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் நான் தூரிகை அளவைத் தீர்மானிக்கிறேன்.

லேயரை இரண்டு கொப்பி எடுத்தேன். ஒன்றில் பெரிய தூரிகை, இன்னொன்றில் சின்னது. பழைய கணினியில் ஜி'மிக் நேரம் எடுக்கும். அதனால் முதலில் கூரையும் தூணும் சேரும் சின்னத் துண்டொன்றை வெட்டி அதில் பார்த்துக்கொண்டேன். பெரிய தூரிகையில் வானமும் மணலும் மிக நன்றாக வந்தன. கூரை செங்காவியாக இறங்கியது. தென்னையோலை காற்றில் இருப்பதுபோல் ஒரு பக்கமாக இழுபட்டது. ஆனால் சைக்கிள் போய்விட்டது. மெல்லிய கம்பிகளுக்கு அயலில் எல்லாம் சுவர் நிறம், ஃபில்டர் சுவரின் பக்கமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தூணோரம் ஒரு சாம்பல் நிழல் மட்டும். அந்த இடத்தில் மாஸ்க் போட்டு, கீழிருந்த சின்னத் தூரிகை லேயரை வெளியே வரவிட்டேன். கைபிடி வந்தது, சீட் வந்தது, இரண்டு வளையம் வந்தது. சில்லுக் கம்பிகள் வரவில்லை. மூலப் படத்திலும் அவை சரியாக இல்லை. கீறிச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். காக்காவின் குரல் கேட்டது, விட்டுவிட்டேன்.

திகதியை நான் முதலிலேயே அழித்திருந்தேன். போட்டோவுக்கு மேலே கமரா போட்ட எழுத்து, ஓவியத்தில் அதற்கு என்ன வேலை என்பது என் நினைப்பு. பிரிண்டுக்கு அனுப்புமுன் ராத்தாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். கிணற்றுக்கட்டைப் பார்த்தா, கூரையைப் பார்த்தா, சைக்கிள் இருந்த இடத்துக்கு விரலைக் கொண்டுபோனா. கடைசியாகக் கீழ் மூலைக்கு வந்து நின்றா.

"இதுல வருசம் இருந்திச்சே தம்பி?"

"அத எடுத்திட்டன் ராத்தா. சித்திரத்துக்குப் பொருந்தாது."

"வைங்க. அந்த வருசந்தான் வாப்பா கூரைய மாத்தினவர்."

ஸ்கேன் செய்த மூலக் கோப்பிலிருந்து மூலையை மட்டும் திரும்ப எடுத்தேன். பெரிய தூரிகை 98ஐச் செம்மஞ்சள் சேறாக்கியது. சின்னத் தூரிகையில் 9 நின்றது, 8 உருண்டது. கடைசியில் அந்த மூலைக்கு ஃபில்டரே வேண்டாமென்று மாஸ்க்கில் முழுதாக வெட்டி, படத்தில் இருந்தபடியே விட்டேன். தீட்டிய வீட்டின் கீழே, தீட்டாத இரண்டு இலக்கம். இப்போது பார்த்தால் ஓவியர் தன் பெயரை எழுதும் இடத்தில் அது இருக்கிறது.

கென்வஸ் வந்த அன்று ராத்தா அதைச் சுருட்டாமல் பிரேமோடு முச்சக்கரவண்டியின் பின் சீட்டில் நிமிர்த்தி வைத்துக்கொண்டா. ஏறுமுன் திரும்பி வந்து, ஸ்கேனருக்குப் பக்கத்தில் கவரில் வைத்திருந்த பழைய 4ஆர் படத்தை ஞாபகமாகக் கேட்டு வாங்கினா.

"இது மாமிட, தம்பி. பின்னேரம் சம்மாந்துறைக்குப் போய் அல்பத்துல வெச்சிட்டு வரணும்."